சக்கரத்தில் படியும் கரும்பொடி

காரின் முன்சக்கரங்களில் படியும் கரும்பொடியைப் பலரும் சாலைப் புழுதி என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது, பிரேக்கை மிதிக்கும்போது பேடும் டிஸ்க்கும் உரசித் தேய்வதால் உதிரும் இரும்புத் துகளும் கரியுமாகும். வேகத்தைத் தடுக்கும் சுமையின் பெரும்பகுதியை முன்சக்கரங்களே ஏற்பதால் அங்கே அது மிகுதி. ஈரம் பட்டால் துருவேறி, அலாய் சக்கரத்தின் மேற்பூச்சைக் கெடுத்துவிடும்.

சக்கரம் நன்கு ஆறிய பின்னரே கழுவுங்கள். முதலில் நீர் பாய்ச்சி, மென்மையான பிரஷ்ஷினாலும் சோப்பு நீராலும் தேய்த்து அலசுங்கள், அமிலம் வேண்டாம். உலர்ந்தபின் சக்கரத்திற்கு மட்டும் மெழுகு பூசுங்கள். டிஸ்க்கில் மெழுகு பட்டால் பிரேக் பிடிக்காது.

பொடியை ஊதிப் பறக்கவிடுதல் கூடாது. பழைய பேடுகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கழுவியபின் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டொரு முறை அழுத்தி ஈரத்தைப் போக்கிய பிறகே குடும்பத்தாரை ஏற்றிச் செல்லுங்கள்.