பட்டம் ஓர் அமானிதம்
தொலைநிலைக் கல்வியும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

கல்வியைத் தேடுவது முஸ்லிமான ஒவ்வொருவர் மீதும் கடமை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருள்வாக்கு. கல்லூரி வாயிலை மிதிக்க வாய்ப்பற்றோரும் அக்கடமையை நிறைவேற்ற வழிவகுத்தது அஞ்சல்வழிக் கல்வியாகும். பகலெல்லாம் கடையில் நிற்கும் இளைஞரும், பிள்ளைகளை உறங்கவைத்தபின் நூலை விரிக்கும் தாய்மாரும் இவ்வழியில் பட்டம் பெற்றுள்ளனர். ஆயினும், தேர்வில் தேறிய பின்னும் சான்றிதழ் கைக்கு எட்டாமல் அலைவோர் உளர். அவர்தம் வழக்குகளில் நீதிமன்றங்கள் கூறிய முடிவுகளை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தோற்றமும் கட்டுப்பாடும்

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வியை 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் இத்துறையில் கால்பதித்தது. 1991இல் அமைந்த தொலைநிலைக் கல்விக் குழு 2013இல் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவிடம் சேர்ந்தது. எனவே, ஒரு பட்டம் செல்லுபடியாக இரண்டு தேவை: ஒன்று மாணவரின் தேர்ச்சி, மற்றொன்று அப்பாடத்தை நடத்தப் பல்கலைக்கழகத்திற்குள்ள அனுமதி. பின்னது இல்லையேல் முன்னது பயன்படாது. வழக்குகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது.

அனுமதியற்ற பாடங்கள்

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நான்கு, தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலின்றிப் பொறியியல் பட்டங்களைத் தொலைநிலையில் வழங்கின. அவற்றுள் ஒன்று சேலத்தைச் சார்ந்தது. 2017 நவம்பர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதில் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தனித்தேர்வில் தேறினால் மட்டுமே அவை உயிர்பெறும் என்று ஆணையிடப்பட்டது. அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்கள் ரத்தாயின; அவர்கள் செலுத்திய கட்டணத்தைத் திருப்பித்தரவும் உத்தரவாயிற்று. கட்டணம் திரும்பலாம், இழந்த ஆண்டுகள் திரும்புமா?

தகுதி பற்றிய வழக்குகள்

இளநிலைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம் கூறியது. மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும் என்பதே அதன் அடிப்படை.

அரியானாவின் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கு வேறு வகை. ஒரு மாணவி முதுகலை வகுப்பில் பயின்றுகொண்டே அஞ்சல்வழியில் கல்வியியல் பட்டப்படிப்பிலும் சேர்ந்தார். ஒரே காலத்தில் இரு படிப்புகள் கூடாது என்பது அன்றைய விதி. பின்னர் அவர் கல்வியியல் தேர்வை எழுதியும் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. நுகர்வோர் மன்றம் அவர் பக்கம் நின்றது. உச்சநீதிமன்றமோ 2010இல், மாணவர் நுகர்வோர் அல்லர் என்றும், விதிக்கு மாறாகப் பட்டம் கோர இயலாது என்றும் முடிவு செய்தது. இரு படிப்புகளை ஒருங்கே பயில மானியக் குழு 2022இல் இசைவளித்துவிட்டது. விதி மாறியது; அம்மாணவிக்கு அது காலங்கடந்த செய்தியே.

தாமதமும் நிலுவையும்

விதிப்படி சேர்ந்து, பயின்று, தேறியவருக்குப் பட்டத்தை மறுக்க எக்காரணமும் இல்லை. மாணவர் தகுதிபெற வேண்டிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்று மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சான்றிதழ் விற்பனைப் பொருள் அன்று என்றும், நிலுவைத் தொகைக்காக அதனைப் பிணையாகப் பிடித்துவைத்தல் தகாது என்றும் சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் உரைத்துள்ளது. மாணவர் கட்டிய பணத்தைப் பயிற்சி மையம் பல்கலைக்கழகத்தில் செலுத்தாமல் விடுவதாலும் இன்னல் நேர்வதுண்டு. முகவர் முறையில் மையங்கள் நடத்துவதை மானியக் குழு 2017ஆம் ஆண்டு விதிகளில் தடைசெய்தமை இதனாற்றான்.

எவ்வாயிலைத் தட்டுவது?

முதலில் பதிவாளருக்குப் பதிவஞ்சலில் முறையீடு அனுப்ப வேண்டும். மறுமொழி வாராவிடில், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் காரணம் கேட்கலாம். பின்னும் பயனில்லையேல், அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம். நுகர்வோர் மன்றத்தை நாடிக் காலத்தை இழத்தல் அறிவுடைமையன்று.

இவை யாவும் நோய் வந்தபின் தேடும் மருந்துகள். சேருமுன்னரே, குறித்த பாடத்திற்கு, குறித்த கல்வியாண்டிற்கு மானியக் குழுவின் அனுமதி உண்டா என வினவுதல் வேண்டும். பணம் கட்டிய ரசீதையும் நுழைவுச் சீட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பேணிக் காத்தல் வேண்டும். நம் மஹல்லாப் பெரியோர்கள், கற்றறிந்த இளைஞரைக் கொண்டு இதற்கொரு வழிகாட்டும் ஏற்பாடு செய்தால், அது நிலையான தர்மமாகும்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. உழைத்துத் தேறியவரின் பட்டம், பல்கலைக்கழகத்தின் கையிலுள்ள அமானிதமே. தரவியலாப் பட்டத்திற்கு ஆள் சேர்ப்பதும், தரவேண்டிய பட்டத்தைத் தராதிருப்பதும் அந்த அமானிதத்திற்கு இழைக்கும் மோசமேயாகும். இதனை நிறுவனங்கள் உணர்வனவாக! மாணவர் விழிப்புடன் இருப்பாராக!