ஐரோப்பாவில் வாடகை வீடெடுத்து விடுமுறை: கிளம்பும் முன் தம்பதிகள் கவனிக்க வேண்டியவை

கெப்பாலா பத்தாஸ் - சேமநிதிப் பணம் கைக்கு வந்து, பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் முடிந்த பிறகு, "ஒரு தடவை ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று கிளம்பும் தம்பதிகள் செபெராங் பிறை வட்டாரத்தில் புதிதல்ல. பெரும்பாலும் அவர்கள் போவது குழுச் சுற்றுலாவில்தான். பத்து நாளில் ஐந்தாறு நாடு. விடியற்காலையில் பெட்டியைப் பேருந்தில் ஏற்றி, இரவில் வேறோர் ஊரில் இறக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது ஓய்வு அல்ல, ஓவர்டைம்.

இதற்கு மாற்றாக இருப்பது, ஒரே நகரத்தில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டைப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்துத் தங்குவது. காலையில் சொந்தமாகத் தேநீர் கலக்கலாம், துணி துவைக்கலாம், மதியம் படுத்து எழுந்து மாலையில் வெளியே போகலாம். மழை பெய்தால் அன்று வீட்டிலேயே இருந்துவிடலாம். யாரும் கொடி பிடித்துக் கொண்டு காத்திருக்க மாட்டார்கள். ஆனால் சுற்றுலா நிறுவனம் செய்து கொடுக்கும் வேலைகளை இதில் தம்பதியே செய்ய வேண்டும். வீடு உண்மையானதா, சட்டப்படி வாடகைக்கு விடப்படுகிறதா என்று பார்ப்பது அவற்றில் முக்கியமானது. பல ஆண்டு சேமிப்பு இதில் போகிறது என்பதால், இங்கே கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்பது நல்லது.

நீலமா, சிவப்பா?

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு ஷெங்கன் நாடுகளுக்குள் சுற்றுலாவாகச் செல்ல விசா தேவையில்லை. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டதால் இப்போது ஷெங்கன் நாடுகள் 29. இங்கிலாந்து இதில் இல்லை. லண்டனையும் பார்க்க நினைப்பவர்கள் அதற்கென மின்னியல் பயண அனுமதியைத் தனியாக எடுக்க வேண்டும். மலேசியர்களுக்கு அது 2025 ஜனவரி 8 முதல் கட்டாயம்.

தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. கணவருக்கு நீல அடையாள அட்டை, மனைவிக்குச் சிவப்பு அடையாள அட்டை என்ற நிலை இன்னும் பல வீடுகளில் தொடர்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளாக இதே மண்ணில் வாழ்ந்திருந்தாலும், விசா விலக்கு குடியுரிமையைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. நிரந்தர வசிப்பிடத் தகுதி அதற்குப் போதாது. மனைவி இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் அவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம் வேண்டும். அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும், எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். குடியுரிமை எதுவும் இல்லாமல் குடிநுழைவுத் துறை தரும் அடையாளச் சான்றிதழில் பயணம் செய்பவர்கள், அந்த ஆவணத்தை அந்த நாடு ஏற்கிறதா என்பதைத் தூதரகத்தில் முதலில் கேட்டுவிட வேண்டும். மலேசியாவுக்குத் திரும்பி நுழைவதற்கான அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்த நிலையில் உள்ள தம்பதிகள் விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவைத்தான் செய்ய வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரத்து செய்ய முடியாத வீட்டை எடுத்துவிட்டால், விசா மறுக்கப்படும்போது வீட்டுப் பணமும் சேர்ந்து போய்விடும்.

கடப்பிதழ், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். ஆறு மாதம் இருந்தால் கவலையில்லை. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையையும் முகத்தையும் பதிவு செய்யும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதல் தடவை பதிவுக்கு நேரம் பிடிக்கும். இறங்கிய ஒரு மணி நேரத்தில் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். விசா விலக்கு உள்ளவர்களும் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி பெறும் முறை 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. கட்டணம் 20 யூரோ. 70 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பெயரில் இப்போதே போலி இணையத்தளங்கள் முளைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கும் பணம் கட்ட வேண்டாம்.

பதிவெண் இல்லாத வீடு வேண்டாம்

'ஹோம்ஸ்டே' என்பது கெப்பாலா பத்தாஸ் மக்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. கல்யாணத்துக்கு வரும் உறவினருக்கு நாமே ஒரு தாமான் வீட்டைப் பிடித்துக் கொடுப்போம். சாவி வாங்கினால் வேலை முடிந்தது. ஐரோப்பிய நகரங்களில் அப்படி இல்லை. பாரிசில் சுற்றுலாப் பயணிக்கு விடப்படும் வீட்டுக்கு நகராட்சி தந்த 13 இலக்கப் பதிவெண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 நாள் வரை விடலாம் என்றிருந்த வரம்பு 2025 முதல் அங்கே 90 நாளாகக் குறைந்தது. வியன்னாவில் 2024 ஜூலை முதல் தனி அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு 90 நாள்தான். ஆம்ஸ்டர்டாமில் ஆண்டுக்கு அதிகபட்சம் 30 இரவு. இத்தாலியில் 2025 முதல் நாடு முழுவதற்கும் ஒரே அடையாளக் குறியீடு வந்திருக்கிறது. பார்சலோனா ஒரேயடியாக, தன்னிடம் உள்ள 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறது.

இது வீட்டுக்காரர் பாடு என்று விட்டுவிட முடியாது. பதிவெண் இல்லாத வீடு பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன் தளத்திலிருந்து நீக்கப்படலாம். பணம் திரும்ப வந்தாலும், அந்த நேரத்தில் அதே விலையில் இன்னொரு வீடு கிடைக்காது. அதனால் படங்களைப் பார்ப்பதற்கு முன் பதிவெண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அங்கே ஏன் இவ்வளவு கெடுபிடி என்பது பினாங்குக்காரர்களுக்கு எளிதில் புரியும். ஜோர்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த சட்டம் 2000 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் பலர் வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு அதே வீடுகளில் பல, தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் ஆகின. லிஸ்பனிலும் பார்சலோனாவிலும் நகர மக்கள் தெருவில் இறங்கிக் கேட்பதும் இதே கேள்விதான்: நாங்கள் எங்கே குடியிருப்பது? மலேசியாவிலும் இந்த விவகாரம் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. மோண்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடை செய்யும் விதியை நிர்வாகக் கழகம் கொண்டுவரலாம் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பளிக்கப்பட்டது. படிக்கட்டில் பெட்டியை உருட்டும் சத்தமும் நள்ளிரவுப் பேச்சும் எந்த ஊரிலும் அண்டை வீட்டாருக்குத் தொல்லைதான். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதை ஐரோப்பியர்கள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

விலையைப் படிப்பது எப்படி?

இரவுக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது முழு விலை அல்ல. அதோடு துப்புரவுக் கட்டணம், தளத்தின் சேவைக் கட்டணம், நகரத்தின் சுற்றுலா வரி ஆகியவை சேரும். மலேசியாவில் வெளிநாட்டினரிடம் மட்டும் ஓர் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி வாங்குகிறார்கள். அங்கே பல ஊர்களில் தலைக்கு இவ்வளவு. லிஸ்பனில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, ஏழு இரவு வரை. ஆம்ஸ்டர்டாமில் தங்கும் செலவில் 12.5 விழுக்காடு.

துப்புரவுக் கட்டணம் எத்தனை நாள் தங்கினாலும் ஒரே தடவைதான். இரவுக்கு 90 யூரோ, துப்புரவுக்கு 60 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஐந்து இரவுக்கு 510 யூரோ, அதாவது இரவுக்கு 102. பன்னிரண்டு இரவுக்கு 1,140 யூரோ, இரவுக்கு 95. ஒரே இடத்தில் அதிக நாள் தங்குவது காலுக்கு மட்டுமல்ல, கைக்கும் நல்லது.

ஏமாற்று வேலை நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வீடு அழகாக இருக்கும், விலை பாதியாக இருக்கும். பேச்சு தொடங்கியதும் "வாட்ஸ்அப்பில் பேசலாம், நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் தள்ளுபடி" என்பார்கள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தளத்துக்கு வெளியே போன பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. கடன் அட்டையில், தளத்துக்குள்ளேயே கட்டுவதுதான் பாதுகாப்பு. தவறிப் பணத்தை அனுப்பிவிட்டவர்கள், வெட்கப்பட்டுப் பிள்ளைகளிடம் மறைக்காமல், உடனே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தையும் அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

மாடி, அடுப்பு, மிளகாய்ப் புகை

பாரிசின் பழைய கட்டடங்கள் ஐந்து ஆறு மாடி உயரம். பலவற்றில் மின்தூக்கி கிடையாது. "நான்காவது மாடி" என்றால் தரைத் தளத்துக்கு மேல் நான்கு. விளம்பரத்தில் மின்தூக்கி பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், இல்லை என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்க வேண்டும். குளிரூட்டியும் அப்படியே. ஐரோப்பாவில் ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம்மூர் வெயிலுக்குக் குறைந்ததல்ல, வீடுகளில் விசிறிகூட இல்லாமல் இருக்கும். வயதானவர்களுக்கு மே, செப்டம்பர் மாதங்களே ஏற்றவை.

மின்சாரம் 230 வோல்ட் என்பதால் இங்குள்ள சிறிய சோற்றுப் பானை அங்கேயும் வேலை செய்யும். ஆனால் அங்கே இரண்டு உருண்டைக் கம்பிச் செருகி. மாற்றுச் செருகி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். பிரான்சில் 2015 முதல் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதற்கு மிளகாய்த் தாளிப்புக்கும் தீ விபத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

இறைச்சியையும் பால் பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் அதில் அடக்கம். மசாலைத் தூள் கொண்டு போகலாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், எனவே அதை மறந்துவிடலாம். சான்றிதழ் தேவைப்படாத பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். சட்டம் டுரியானை அனுமதித்தாலும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அனுமதிப்பாரா என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாளே "ஒரு வாய் ரசம் இருந்தால்..." என்று தொடங்குபவர்களுக்குப் பாரிஸ் ஏற்ற ஊர். கார் டு நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதியில் 1980-களிலிருந்து குடியேறிய இலங்கைத் தமிழர்களின் கடைகள் தெருத் தெருவாக இருக்கின்றன. முருங்கைக்காய், கறிவேப்பிலை, இடியப்ப மாவு எல்லாம் கிடைக்கும். தமிழிலேயே பேசி வாங்கலாம். அங்குள்ள ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் 1985-இல் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டி அதன் தேர் பாரிஸ் தெருக்களில் வரும்போது சாலையில் தேங்காய் உடைப்பார்கள். பினாங்குத் தைப்பூசம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தெரியாது.

கோலாலம்பூரிலிருந்து பாரிசுக்கு மலேசியா ஏர்லைன்சின் நேரடிச் சேவை 2025 மார்ச் 22 முதல் மீண்டும் நடக்கிறது. பொதுவாக ஐரோப்பாவுக்கு இரவு விமானத்தில் போனால் விடியற்காலையில் இறங்குவார்கள். வாடகை வீடோ பிற்பகல் மூன்று மணிக்குத்தான் திறக்கும். பெட்டியை முன்கூட்டி வைக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பது, முடியாதென்றால் ரயில் நிலையத்துப் பெட்டகத்தில் போடுவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால் அந்த எட்டு மணி நேரம் சண்டையில்லாமல் கழியும்.

முதல் இரண்டு நாளுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கோடையில் ஆறு மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஏழு. மாலை ஐந்து மணிக்கே கண் சொக்கும். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு அதன் நுழைவுக் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர டாம் தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை. நகராட்சி நடத்தும் கார்னவாலே போன்ற அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களும் இலவசம். ஒரு வாரப் பயண அட்டை ஏறக்குறைய 32 யூரோ. விமான நிலைய ரயிலுக்கும் செல்லும். அது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே கணக்கு என்பதால், வியாழக்கிழமை இறங்குபவர்கள் அதை வாங்கினால் மூன்று நாள் வீணாகும். விமானச் சீட்டு எடுக்கும்போதே ஞாயிறு இரவு கிளம்பித் திங்கள் காலை இறங்கும்படி பார்த்துக்கொண்டால் அந்த அட்டை முழு வாரமும் உழைக்கும்.