காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள், வலி தாடையில்

"காது சுத்தமாக இருக்கிறது, பல்லைப் போய்க் காட்டுங்கள்" என்று காது டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகுதான் பலருக்கும் எங்கள் ஞாபகம் வருகிறது. அதற்குள் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் காதுக்குள் போயிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை அட்டை அட்டையாகத் தீர்ந்திருக்கும். கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சை இரவெல்லாம் அடக்கி வைத்ததில் கன்னத்தின் உள்பக்கம் வெந்து, வெள்ளையாகத் தோல் உரிந்துகொண்டிருக்கும். "இட்லியைக்கூட விண்டு விண்டுதான் உள்ளே தள்றேன் டாக்டர்" என்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால், "பொங்கலுக்கு முன்னாடி இருந்தே" என்று பதில் வரும். கேட்பது ஆடி மாதத்தில்.

வலிப்பது எங்கே?

காதுக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. காதை ஒட்டியே இருப்பதால் அங்கே வரும் கோளாறு காதுவலி, காது அடைப்பு, காது இரைச்சல் என்றெல்லாம் வேஷம் போடும். நிறையப் பேருக்கு வலி மூட்டிலேயே இருப்பதில்லை. மெல்லும் தசைகளில் இருக்கும். காலையில் எழும்போதே தாடை இறுகியிருக்கும், நெற்றிப்பொட்டு கனக்கும். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் வரிசையாகத் தெரியும், கன்னத்தின் உள்ளே வெள்ளைக் கோடு ஓடும். இப்படி இருந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரோ என்று சந்தேகப்படுவோம். வந்தவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் உடனே தலையாட்டுவார்.

இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். "எனக்கு டென்ஷனே கிடையாது" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கன்னத்துத் தசை புடைத்துப் புடைத்து அடங்குவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். பகலில் கடிப்பது அவருக்கே தெரியாது.

பூச்சி, வாய்வு, சுளுக்கு

குழந்தை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்று ஊரே சொல்லும். பூச்சி மாத்திரையைப் பள்ளியில் கொடுக்கிறார்கள், வாங்கிப் போடுங்கள். அது வேறு காரணத்துக்கு. பல்லைக் கடிப்பதற்கும் பூச்சிக்கும் முடிச்சுப் போட உறுதியான ஆதாரம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது தானாக நின்றுவிடும். பெரியவர்களிடம் நிற்காமல் போவதற்கு மன அழுத்தம், சிகரெட், மது, அளவில்லாத காபி, சில மனநல மாத்திரைகள் எனப் பல காரணங்கள் உண்டு. குறட்டையும் மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாத்திரைதான் காரணமோ என்று தோன்றினால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது வாய்வு. நம் ஊரில் எந்த இடத்தில் பிடித்தாலும் வாய்வுதான். இதில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கீழ்த்தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். நெஞ்சுவலி இல்லாமலே தாடையில் மட்டும் மாரடைப்பு தெரிவதும் உண்டு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும். வியர்வையும் மூச்சு வாங்கலும் சேர்ந்துவிட்டால் இஞ்சிச் சாறு இடித்துக்கொண்டிருக்காதீர்கள், பல் டாக்டரிடமும் வராதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுளுக்கு எடுக்கிறவர்களிடம் தாடையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிதாகக் கொட்டாவி விட்டு, திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டால் அது மூட்டு நழுவியது. எச்சில் வழியும், பேச வராது, வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்று பதறுவார்கள். கடைவாய்ப் பக்கம் கட்டை விரலை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினால் மூட்டு உள்ளே போய்விடும். ஆனால் அதைப் பழகிய கை செய்ய வேண்டும். தாடையில் ஓங்கித் தட்டுவதும் கழுத்தைத் திருகுவதும் எலும்பை உடைக்கும். நேரம் போகப் போகத் தசை இறுகி, எங்களுக்கும் வேலை கடினமாகிவிடும்.

ரீல்ஸ் பார்த்து வந்த வினை

சமீபமாகக் கல்லூரிப் பையன்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். 'ஜாலைன்' கூர்மையாக வேண்டுமாம். கெட்டியான சூயிங்கத்தை மணிக்கணக்கில் மெல்வது, ரப்பர் உருண்டையைக் கடைவாயில் வைத்து நூறு, இருநூறு என்று எண்ணிக் கடிப்பது. மெல்லும் தசை கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். எலும்பின் அமைப்பு மாறாது. ஏற்கெனவே ஓய்வில்லாத தசைக்கு மேற்கொண்டு வேலை கொடுத்தால் அது வலியாகத்தான் திருப்பித் தரும். தம்பி, முகம் உன் அப்பா அம்மா கொடுத்தது, விட்டுவிடு.

சத்தம் வந்தால் பயப்பட வேண்டுமா?

வாயைத் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறது, வலி இல்லை, வாய் முழுதாகத் திறக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் முன்பற்களுக்கு இடையே நுழைய வேண்டும். அது கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். நுழைந்தால் நிம்மதியாக இருங்கள். சத்தத்தை நிறுத்தவென்று சிகிச்சை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்.

கவனிக்க வேண்டியது இதற்கு நேர் எதிரானது. நாள்பட வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்று, அன்றிலிருந்து வாய் பாதிதான் திறக்கிறது என்றால் அது குணமானதல்ல. மூட்டுக்கு நடுவில் இருக்கும் வட்டு முன்னால் சரிந்து மாட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வாரமே வாருங்கள்.

வாய் திறக்காததெல்லாம் மூட்டுக் கோளாறும் அல்ல. பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் நார்நாராக இறுகி, வருடக்கணக்கில் மெதுவாக வாய் சுருங்கும். காரம் பட்டால் எரியும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. குட்காவை நம் மாநிலத்தில் 2013-இலேயே தடை செய்துவிட்டார்கள்; பாக்கெட் இன்னும் பையில் இருக்கிறது. "புகையிலை இல்லை டாக்டர், வெறும் பாக்குதான்" என்பதும் செல்லாது. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தி இருபது வருடம் ஆகிவிட்டது. காலில் ஆணி குத்தி, சில நாளில் வாய் பூட்டிக்கொண்டால் அது ரணஜன்னியாக இருக்கலாம். அதற்கும் பெரிய ஆஸ்பத்திரிதான்.

பல்லை ராவினால் சரியாகுமா?

1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப்பல் இல்லாதவர்களுக்குத் தாடை மூட்டு அழுந்தித்தான் காதுவலி வருகிறது என்று எழுதினார். காதுவலிக்குத் தாடை காரணமாகலாம் என்று அவர் பார்த்தது சரி. பல்தான் மூலகாரணம் என்ற விளக்கம் நிற்கவில்லை. ஆனால் அதை நம்பிப் பல தலைமுறைப் பல் டாக்டர்கள் நல்ல பல்லை ராவித் தள்ளினார்கள். எங்கள் ஆட்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இன்றும் தாடை வலிக்கென்று வரிசையாகப் பல்லை ராவுவது, கேப் போடுவது, கம்பி கட்டுவது என்று யாராவது ஆரம்பித்தால், வேறு ஒரு டாக்டரையும் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள். ராவிய பல் திரும்பி வராது. புதிதாகப் போட்ட கேப்போ அடைப்போ உயரமாக இடிக்கிறது என்றால் மட்டும், பழகிவிடும் என்று பொறுக்காமல் போட்டவரிடமே போய்ச் சரி செய்துகொள்ளுங்கள். ஞானப்பல் வீங்கி வாய் திறக்காமல் போனால் அதற்கு வைத்தியம் ஞானப்பல்லுக்குத்தான். ஒன்றும் செய்யாமல் கிடக்கிற ஞானப்பல்லை மூட்டுவலிக்காகப் பிடுங்காதீர்கள்.

மாத்திரை அட்டை

வலி மாத்திரையை நானும் எழுதித் தருகிறேன், சில நாளைக்கு. நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். இன்னொன்றும் உண்டு. மாதத்தில் 15 நாள், அதற்கு மேலும் வலி மாத்திரை போடுகிற பழக்கம் சில மாதம் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வலி விடவில்லை என்று இன்னும் இரண்டு போடுவீர்கள். சீட்டு இல்லாமல் கடைக்காரர் பிரித்துக் கொடுக்கும் கலர் கலரான மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியுமா என்பது என் சந்தேகம்.

சிகிச்சை சின்னதுதான்

எக்ஸ்ரே எடுப்போம், வட்டைப் பார்க்க வேண்டியிருந்தால் எம்.ஆர்.ஐ.

முதல் மருந்து தாடையைச் சும்மா விடுவது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படட்டும். போனை எடுக்கும்போதெல்லாம் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரத்துக்கு முறுக்கு, கரும்பு, பரோட்டா, எலும்பு கடிப்பது எல்லாம் வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, கூட்டு போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கால் மணி நேரம் ஒத்தடம், தினம் இரண்டு மூன்று வேளை. சுட்ட செங்கல் வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கட்டைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்குங்கள். பெரும்பாலோருக்கு இதிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது, சொன்னதைச் செய்தால்.

இரவில் கடிக்கிறவர்களுக்குப் பல்லை அளவெடுத்து, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு செய்து தருவோம். அது பல்லைத் தேயாமல் காக்கும், பலருக்கு வலியையும் குறைக்கும். கடிக்கும் பழக்கத்தை ஒழித்துவிடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மெத்தென்ற கார்டு சிலருக்குக் கடிப்பதை இன்னும் கூட்டிவிடுகிறது. பிசியோதெரபி உதவும். மூட்டைக் கழுவும் ஊசி சிகிச்சையும் அறுவை சிகிச்சையும் மிகச் சிலருக்கே தேவைப்படும்.

ஐம்பது வயது தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி வந்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே பார்க்காவிட்டால் கண் பார்வை போய்விடலாம்.

குழந்தை முகவாயில் விழுந்தால்

கடைசியாகப் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சைக்கிளிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ பிள்ளை முகவாய்க்கட்டை தரையில் அடிபட விழுந்தால் காயத்துக்குத் தையல் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறீர்கள். அடி வாங்கியது முன்னால். உடைவது பின்னால், காதுக்கு முன்னிருக்கும் மூட்டுக் கழுத்தில். வலிக்கிறதென்று பிள்ளை வாயைத் திறக்காது, நீங்களும் கஞ்சியாகவே கொடுப்பீர்கள். அசையாமல் கிடந்த மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போகலாம். சில வருடம் கழித்து வாயில் ஒரு விரல்கூட நுழையாமல், முகம் ஒரு பக்கம் வளராமல் கோணிப் போன பிறகு தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். அப்போது பெரிய அறுவை சிகிச்சைதான் வழி.

தையல் போட்ட அன்றே தாடையையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கடித்தால் பல் முன்போல் பொருந்துகிறதா, திறக்கும்போது முகவாய் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று அடுத்த சில வாரம் வீட்டிலும் கவனியுங்கள். டாக்டர் வாய்ப் பயிற்சி சொல்லியிருந்தால், பிள்ளை அழுதாலும் தினமும் செய்ய வையுங்கள்.