வேளைக்கு மாத்திரை

நீண்டகால நோய் உள்ளவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள். வளர்ந்த நாடுகளிலேயே இந்த நிலைதான் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை. நம் வீடுகளில் இதற்கு "வாப்பாவுக்கு அக்கறையில்லை" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

நடத்தை அறிவியல் வேறு காரணம் சொல்கிறது. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த வலியும் தராது. மாத்திரையின் செலவும் சிரமமும் இன்றே தெரிகின்றன. வராமல் போன பக்கவாதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று மனம் மருந்தை நிறுத்திவிடுகிறது. திட்டினால் இது மாறாது. மறைத்துப் பொய் சொல்லத்தான் வைக்கும்.

ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு மாத்திரையை முடிச்சுப் போடுவதே பலன் தருகிறது. 'காலையில் போடுவேன்' என்பது நழுவிவிடும். 'சுபுஹு தொழுது முஸல்லாவை மடித்ததும் போடுவேன்' என்பது நிற்கும். வெறும் வயிற்றில் போடவேண்டிய தைராய்டு மாத்திரைக்கு இது பொருத்தமான நேரம். மெட்ஃபார்மின் உணவோடு சேரவேண்டியது; அதன் இடம் சாப்பாட்டு மேசை. கிழமை வாரியாக அறை பிரித்த டப்பா இருந்தால், 'போட்டோமா இல்லையா' என்று குழம்பி இரண்டாம் முறை போடும் ஆபத்தும் குறையும்.

விலைதான் தடை என்றால் எந்த டப்பாவும் உதவாது. மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.

ரமழானில் இந்த முடிச்சுகள் அவிழ்ந்துவிடும். ஸஹரில் எது, இஃப்தாரில் எது என்று நாமே மாற்றிக்கொள்ளாமல், ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு நேரம் மட்டுமல்ல, அளவும் மாறக்கூடும்.