மனநல அவசரம்: 'பெட் இல்லை' என்றால் என்ன செய்யணும்? முதல் 72 மணி நேரம் ஏன் முக்கியம்?

வீட்டில் ஒருவர் மூணு நாளாகத் தூங்கவில்லை. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்கிறார். கையில் கிடைப்பதைத் தூக்கி எறிகிறார். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இப்படி நடந்தால், 'காரைப் பிடி, மதுரைக்குப் போயிடலாம்' என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அத்தனை தூரம் போன பிறகு 'பெட் இல்லை' என்ற பதிலும் வரலாம். சட்டம் காட்டும் வழி வேறு.

பெரிய நகரங்களில் ஏன் பெட் கிடைப்பதில்லை?

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. அங்கே இருப்பது சுமார் 1,800 படுக்கைகள். குணமான பிறகும் குடும்பத்தினர் அழைத்துப் போகாததால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியிருப்பவர்களும் உண்டு. அந்தப் படுக்கைகள் புதிதாக வருபவர்களுக்குக் கிடைக்காது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருந்தாலும் வார்டு சிறியது.

அப்படியானால் முதலில் எங்கே போகணும்?

பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 94-ன்படி, பதிவு பெற்ற எந்த டாக்டரும் அவசர சிகிச்சையைத் தொடங்கலாம். மனநல மருத்துவராகத்தான் இருக்கணும் என்பதில்லை. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ பெரிய காயம் ஏற்படும் நிலை போன்றவை இதில் வரும். உடன் இருக்கும் உறவினரின் சம்மதம் வேண்டும்.

இந்த அவசர சிகிச்சைக்கு உச்ச வரம்பு 72 மணி நேரம். அதற்குள் நோயாளியை மனநல மையத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும். பெட் தேட உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் இதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. சர்க்கரை திடீரெனக் குறைவது, மூளைக்காய்ச்சல், உடலில் உப்புச்சத்துக் குறைவது, குடியைத் திடீரென நிறுத்துவது ஆகியவையும் ஒருவரைப் பிதற்ற வைக்கும். அதை ஜி.ஹெச்-சில் முதலிலேயே சோதித்துவிடலாம்.

நோயாளி வர மறுத்தால்?

பிரிவு 89-ன் கீழ், உறவினரின் விண்ணப்பத்தின் பேரில் மனநல மையத்தில் 30 நாள் வரை அட்மிட் செய்யலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெருவில் ஆதரவின்றித் திரிபவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

* 108-க்கு போன் செய்யுங்கள். என்ன நடக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
* 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.
* கத்தி, பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள்.
* பழைய மருந்துச் சீட்டு, ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.
* சத்தம் போட்டு வாதாட வேண்டாம். ஒருவர் மட்டும் பொறுமையாகப் பேசுங்கள்.
* பெட் இல்லை என்றால், எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று டாக்டரையே விசாரிக்கச் சொல்லி, பரிந்துரைக் கடிதத்துடன் கிளம்புங்கள்.

செய்யவே கூடாதது

சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். இன்று சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு?

மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் அதே அவசரம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் ஊர்ப்பக்கம் எந்த நாளில் வருகிறது என்று ஜி.ஹெச்-சில் கேட்டு வையுங்கள். மாத்திரையும் ஆலோசனையும் இலவசம். அடுத்த முறை பெட் தேடி அலையும் நிலை வராமல் தடுப்பது இந்தத் தொடர் சிகிச்சைதான்.