விதைக்கிழங்கு விற்பவர்களே, இருப்பு நோட்டு இருக்கிறதா?

மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடும் அண்ணன், தம்பி இருவர். ஐந்து ஆண்டுகள் முடிந்த பந்தலைப் பிரித்துவிட்டு மார்ச் மாதத்தில் கிழங்கைத் தோண்டினார்கள். எடை போட்டதில் 1,100 கிலோ வந்தது. சிறிது சிறிதாக 420 கிலோ விற்றார்கள். பங்காளி ஒருவருக்கு 150 கிலோ கைமாற்றாகக் கொடுத்தார்கள். மீதி 530 கிலோ இருக்க வேண்டும். ஆடி நடவுக்கு எடுத்தபோது 430 கிலோதான் இருந்தது. 100 கிலோவைக் காணவில்லை. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 30 ஆயிரம் ரூபாய். சாளையின் சாவி தம்பியிடம் இருந்தது. பிறகென்ன, ஒரு மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை.

நோய்த் தாக்குதலைப் பார்க்க அந்த வயலுக்குப் போயிருந்த நான், திண்ணையில் உட்கார்ந்து இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். 20 கிலோ வாங்கியவர்களுக்கு ஒரு கிலோ கொசுறு போட்டிருக்கிறார்கள். அது மட்டும் 21 கிலோ. மே மாதத்தில் அழுகியவை என்று இரண்டு கூடை வாரிக் கொட்டியிருக்கிறார்கள். அது 25 கிலோவாவது இருக்கும். மிச்சம் 54 கிலோ? நான்கு மாதத்தில் உலர்ந்து குறைந்த எடை என்பது என் கணிப்பு. ஆனால் அதை என்னால் நிரூபிக்க முடியவில்லை. தோண்டிய நாளுக்கும் நடவு நாளுக்கும் இடையில் யாரும் ஒருமுறைகூட எடை போடவில்லை. "விக்கிறப்ப எடை போட்டோமுங்க, இருக்கறத எடை போடலீங்க" என்றார் அண்ணன். பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் இந்தப் பயிரை வைத்திருக்கும் உங்களுக்கு ஒன்று தெரியும். விதையின் விலை வியாபாரி கையில் இருக்கிறது. கிழங்கு உங்கள் கையில் இருக்கிறது. ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ கிழங்கு தேவைப்படும் இந்தப் பயிரில், முதல் ஆண்டுச் செலவில் பெரும்பகுதி விதைக்கிழங்குக்கே போகிறது. அப்படிப்பட்ட முதலைக் கணக்கில்லாமல் சாளை மூலையில் குவித்து வைக்கிறோம். பால் ஊற்றுவதற்கு அட்டை வைத்திருக்கிறோம், கிழங்குக்கு இல்லை.

கணக்கு எங்கே தொடங்க வேண்டும்? கிலோவில் அல்ல, முளையில். கலப்பை போல இரு கை விரிந்த இந்தக் கிழங்கில் ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளை இருக்கிறது. நுனி உடைந்த கை எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. ஏக்கருக்கு 800 கிலோ, கிலோ 300 ரூபாய் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். நூற்றுக்குப் பத்து நுனி உடைந்திருந்தால், வாங்குபவர் 24 ஆயிரம் ரூபாயை மண்ணில் புதைக்கிறார். அடுத்த ஆண்டு அவர் உங்களிடம் வரமாட்டார். வேறு நாலு பேரையும் வரவிட மாட்டார்.

ஆகவே தோண்டிய உடனே மண்ணை உதறி, நிழலில் ஈரம் காய்ந்த பிறகு தரம் பிரியுங்கள். 60 கிராமும் அதற்கு மேலும் நடவுக்கும் விற்பனைக்கும். அதற்குக் கீழ் உள்ளவற்றைத் தனியாகப் பாத்தியில் நட்டு ஒரு பருவம் பருக்கவிடலாம். நுனி உடைந்தவை மூன்றாவது குவியல். அதை எந்தக் காரணத்துக்காகவும் முதல் குவியலோடு கலக்காதீர்கள். பிறகு முதல் தரத்தில் 10 கிலோ எடுத்து, எத்தனை கிழங்கு, எத்தனை நல்ல முளை என்று எண்ணுங்கள். அரைமணி நேர வேலைதான். "10 கிலோவுக்கு 150 கிழங்கு" என்று எழுதி வைத்துவிட்டால், வாங்க வருபவர் எவ்வளவு நிலத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்கும்போது ஊகிக்க வேண்டியதில்லை.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டாலியா கிழங்கு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். டாலியாவில் முளை கிழங்கின் உடலில் இல்லை, பழைய தண்டோடு சேரும் கழுத்தில் இருக்கிறது. கழுத்துத் துண்டு இல்லாமல் பிரித்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் வீண். பூவின் நிறத்தையும் கிழங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், பூத்திருக்கும்போதே செடியில் ரகத்தின் பெயர்ச் சீட்டைக் கட்டிவிட வேண்டும்.

இனி நோட்டு. நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். தோண்டிய ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பக்கம். அந்த வயலின் கிழங்கு ஒரு லாட். 'மேற்கு வயல்', 'கிணற்று வயல்' என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயரையே வையுங்கள். எண்களும் குறியீடுகளும் இரண்டு மாதத்தில் மறந்துபோகும். தோண்டிய தேதி, நட்ட ஆண்டு, தாய்க்கிழங்கு யாரிடம் வாங்கியது, தரவாரியாக எடை, முளைக் கணக்கு இவற்றை மேலே எழுதுங்கள். அதே பெயரைத் தக்காளிப் பெட்டியின் மேல் பெயின்டில் எழுதிவிடுங்கள். காகிதச் சீட்டைக் கரையான் தின்றுவிடும்.

கீழே வெளியே போனது எல்லாம் வர வேண்டும். விற்றது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கொசுறு, கைமாற்று, அழுகிக் கழித்தது, சொந்த நடவுக்கு எடுத்தது, சொந்தக்காரர் கேட்டார் என்று கொடுத்த நாலு கிழங்கு, எல்லாமே இருப்பைக் குறைக்கின்றன. எடுத்த அன்றே, பெட்டியை மூடும் முன்பே எழுத வேண்டும். இரவு எழுதலாம் என்று விட்டால் கொசுறு மறந்துபோகும். நோட்டும் பேனாவும் வீட்டில் அல்ல, கிழங்கு இருக்கும் அறையிலேயே கயிற்றில் தொங்கட்டும்.

எடைக் குறைவுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பெட்டியில் சரியாக 10 கிலோ போட்டு, 'தொடாதே' என்று எழுதி வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை அதை மட்டும் எடை போட்டால் போதும். 9 கிலோ 400 கிராம் காட்டினால், மொத்த இருப்பும் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு குறைந்திருக்கிறது என்று பொருள். திடீரென்று அதிகம் குறைந்தால் காற்று அதிகம் படுகிறது அல்லது அழுகல் தொடங்கிவிட்டது. பெட்டிகளைக் கவிழ்த்துப் பாருங்கள். அண்ணன், தம்பி இருவரிடமும் இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் அந்த ஒரு மாதம் வீணாகியிருக்காது.

பலரும் சறுக்கும் இடம் முன்பணம். சாளையில் 600 கிலோ இருக்கிறது. ஏப்ரலில் ஒருவர் வந்து கேட்கிறார். உங்கள் அரை ஏக்கருக்கு 400 கிலோ வேண்டும். 150 கிலோவுக்கு ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள். அப்படியானால் விற்கக்கூடியது 50 கிலோ. ஆனால் ஆடி வருவதற்குள் அந்த 600 கிலோவில் 50 கிலோ உலர்ந்துவிட்டால், விற்பதற்கு ஒன்றுமே இல்லை. 600 கிலோவைக் கண்ணால் பார்த்துவிட்டு "இருக்குதுங்க" என்று சொல்லி முன்பணம் வாங்கியவர்கள், கடைசியில் அதிக விலைக்கு வெளியில் வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்பணம் வாங்கிய கிழங்கை அன்றே தனிப் பெட்டிக்கு மாற்றி, வாங்குபவர் பெயரை எழுதுங்கள். எடை எந்த நாளின் எடை, தோண்டிய நாளா, எடுத்துப் போகும் நாளா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கைமாற்றில் எழுத்து இன்னும் முக்கியம். 'கிழங்குக்குக் கிழங்கு' என்று வாய்ப்பேச்சில் கொடுக்கிறோம். கொடுத்தது 80 கிராம் கிழங்கு. திரும்பி வருவது 30 கிராம் பொடிக்கிழங்கு. எடை சரியாகத்தான் இருக்கும், எதுவும் கேட்க முடியாது. எந்தத் தரம், 10 கிலோவுக்கு எத்தனை முளை, எந்த ஆண்டு எந்த மாதம் திருப்பித் தருவது என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். பங்காளியிடம் கையெழுத்து கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். பின்னால் வரும் மனத்தாங்கலை விடக் கூச்சம் மேல்.

லாட் பெயர் எழுதுவதில் இன்னொரு லாபம் நோய்க் காலத்தில் தெரியும். கிழங்கழுகல் கிழங்கோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. வாங்கியவர் ஒருவர் "முளை அழுகுது" என்று சொன்னால், அது கிணற்று வயல் கிழங்கா, மேற்கு வயல் கிழங்கா என்று நோட்டைப் பார்த்தவுடன் சொல்லலாம். அந்த லாட்டின் விற்பனையை நிறுத்தி, அதே லாட்டில் வாங்கிய மற்றவர்களையும் எச்சரிக்கலாம். பெயர் இல்லாவிட்டால் உங்கள் மொத்தக் கிழங்கின் மேலும் பழி விழும்.

கழித்த கிழங்குக்கும் கணக்கு வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இது நஞ்சு. கால்ச்சிசின் இதன் எல்லாப் பாகங்களிலும் இருக்கிறது. கிழங்கைத் தின்றால் உயிர் போகும். குப்பைமேட்டில் கொட்டினால் ஆடு, மாடு கடிக்கும். சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் குழந்தை எடுத்துவிடும். எத்தனை கிலோ கழித்தோம், எங்கே ஆழமாகப் புதைத்தோம் என்று எழுதுங்கள். கிழங்கு அறைக்குப் பூட்டு வேண்டும். உணவுப் பொருளும் தீவனமும் அங்கே இருக்கவே கூடாது. எண்ணி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தோட்டக்கலைத் துறையிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் களப்பணி செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கூட்டத்தில் கணினிப் பட்டியலைத் திரையில் காட்டி முடித்துவிடாதீர்கள். ஒரு விவசாயியின் சாளைக்கே போய், ஒரு லாட்டை எல்லோர் முன்பும் எண்ணி எடை போட்டு, முதல் பக்கத்தை அவர் கையாலேயே எழுத வையுங்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அதைக் கணினியில் ஏற்றிக்கொள்ளட்டும். கயிற்றில் தொங்கும் நோட்டை எடுத்துவிட வேண்டாம்.

ஆடி நடவு முடிந்த அன்று பக்கத்தின் அடியில் கோடு போட்டு வரவையும் வெளியே போனதையும் கூட்டுங்கள். கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதையும் 'கணக்கில் வராதது, இத்தனை கிலோ' என்று எழுதி, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். அந்த அண்ணனும் தம்பியும் இந்த ஆண்டு அப்படித்தான் செய்தார்கள். வித்தியாசம் நான்கு கிலோ. சாவி இப்போதும் தம்பியிடம்தான் இருக்கிறது.