பேசி முடிக்கக் கூடாத வழக்கு: போக்சோ சட்டம் பற்றித் தெரிந்துகொள்வோம்



ஊருக்குள் ஒரு பிரச்சினை என்றால் இப்போது நம் குழுப் பெண்களைத்தான் கூப்பிடுகிறார்கள். வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று எத்தனையோ விஷயங்களை நீங்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நாம் பஞ்சாயத்து பேசக் கூடாது. அது, குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை. "வெளியே தெரிஞ்சா பிள்ளையோட வாழ்க்கையே போச்சு, ஏதாவது பணத்தைக் கொடுக்கச் சொல்லி முடிச்சிடலாம்" என்று நல்ல எண்ணத்தில்கூடச் சிலர் சொல்லலாம். ஆனால் சட்டப்படி அது தவறு. ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் எப்படி வந்தது?

2012-க்கு முன்பு இந்தக் குற்றங்களுக்கு, குழந்தைகளுக்கென்று நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் பாலியல் வல்லுறவுப் பிரிவு பெண்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ஆண் பிள்ளைக்கு நடந்தால் அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது. இந்தக் குறைகளைத் தீர்க்க 2011 மார்ச் மாதம் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தார்கள். 2012 மே மாதம் இரண்டு அவைகளிலும் நிறைவேறி, 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. 2019-ல் திருத்தம் செய்து தண்டனையைக் கூட்டினார்கள்.

எது குற்றம்?

18 வயது நிறையாத எல்லோரும், பெண்ணோ ஆணோ, இந்தச் சட்டப்படி குழந்தைதான். "பிள்ளை சம்மதிச்சுதான் போச்சு" என்ற பேச்சு செல்லாது.

* பாலியல் வல்லுறவு: குறைந்தது 10 ஆண்டு சிறை. பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால் குறைந்தது 20 ஆண்டு.
* கெட்ட எண்ணத்தோடு தொடுவது: 3 முதல் 5 ஆண்டு. துணிக்கு மேலே தொட்டாலும் குற்றம்தான் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.
* ஆபாசமாகப் பேசுவது, சைகை செய்வது, கெட்ட எண்ணத்தில் பின்னாலேயே சுற்றுவது, போனில் தொல்லை கொடுப்பது, ஆபாசப் படம் காட்டுவது: 3 ஆண்டு வரை.

குற்றம் செய்தவர் சொந்தக்காரர், ஆசிரியர், போலீஸ்காரர் என்றால் தண்டனை இன்னும் கூடும். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் போனில் வைத்திருப்பதும் குற்றமாகும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

யார் புகார் சொல்ல வேண்டும்?

பெற்றோர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பஞ்சாயத்து பேசி மறைப்பவர்களும் இதில் மாட்டிக்கொள்வார்கள். நல்ல எண்ணத்தோடு புகார் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. அதனால் பயப்பட வேண்டாம்.

போலீசுக்குப் போனால் அலைச்சல்தானே?

பல அக்காமார் கேட்கும் கேள்வி இது. சட்டத்தில் உள்ளதைத் தெரிந்துகொண்டால் நாம் கேட்டு வாங்கலாம்.

1. பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது.
2. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.
3. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ, பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். அவசர சிகிச்சைக்கு "போலீஸ் கடிதம் கொண்டு வா" என்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது.
4. நீதிமன்றத்தில் குற்றவாளியின் முகத்தில் பிள்ளை முழிக்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.
5. பிள்ளையின் பெயர், படம், ஊர் எதையும் பத்திரிகையில் போடக் கூடாது.
6. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கிடைப்பார். வழக்கு முடியும் முன்பே இடைக்கால நிவாரணம் தரவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சமாதானம் ஏன் கூடாது?

பணம் வாங்கியவுடன் பெரியவர்களுக்குப் பிரச்சினை முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு முடிவதில்லை. கெடுத்தவன் அதே தெருவில் நடமாடுவான், பிள்ளை தினமும் அவனைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போக வேண்டும். நாளைக்கு அவன் இன்னொரு பிள்ளையிடம் போக மாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு? 2024 நவம்பரில், பெற்றோர் சமாதானமாகப் போனதால் ரத்தான ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் மீண்டும் நடத்தச் சொன்னது. இது ஊருக்கே எதிரான குற்றம், இரண்டு குடும்பம் பேசி முடிக்கிற தகராறு இல்லை.

"அவனுக்கே கட்டி வைச்சிடலாம்" என்பது அதைவிட மோசம். குழந்தைத் திருமணமே குற்றம். 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் குற்றம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நம் குழு என்ன செய்யலாம்?

* பிள்ளை சொல்வதை நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனே?" என்று கேட்காதீர்கள். ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள்.
* உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.
* 1098-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. அல்லது மகளிர் காவல் நிலையம் போங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.
* அந்தத் தாயோடு இரண்டு உறுப்பினர்கள் துணைக்குப் போங்கள். கூலி போய், பஸ் செலவுக்கும் வழியில்லாமல்தான் பல குடும்பங்கள் வழக்கைக் கைவிடுகின்றன. குழு நிதியிலிருந்து அவசரக் கடன் கொடுக்கலாம். தீர்மானப் புத்தகத்தில் "அவசரக் கடன்" என்று மட்டும் எழுதுங்கள். பிள்ளையின் பெயரையோ, நடந்ததையோ எழுத வேண்டாம்.

இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். "குழந்தை விஷயத்தில் எங்கள் குழு சமாதானம் பேசாது" என்று ஒரு தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தீர்மானம் ஊருக்குத் தெரிந்தாலே பாதிப் பேர் பயப்படுவார்கள்.